கொம்புப் பாசியும் பெயர் பொறித்த டம்ளரும்

ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் பெயரை விட்டுவிடுவது பெரும்பாலும் மரியாதைக்காக. இங்கே அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அவர்மேல் மரியாதை கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது, அதை அவரே செலவழித்துத் தீர்த்தார்.

தர்மபுரியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் அவர் பேராசிரியர். எனக்கு ஆராய்ச்சி வழிகாட்டி, எங்கள் பேச்சில் கைடு. நான் அப்போதே பிள்ளை பெற்றவள். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து அவருடைய ஆய்வகத்துக்குப் போய்ப் பகுதிநேரமாக பிஎச்.டி. செய்தேன்.

அந்த அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அவர் பெயர்தான். கதவில் பலகை இருப்பது சகஜம். இவருக்குக் கதவு போதவில்லை. நாற்காலி முதுகில் சிவப்பு பெயிண்ட். ஃபிரிட்ஜில், மைக்ராஸ்கோப் பெட்டியில், ஐஸ் டப்பாவில் அழியாத மார்க்கர். எவர்சில்வர் தட்டு, இடுக்கி, வாட்டர் பாத் மூடி எல்லாவற்றிலும் ஊசியால் குத்திப் பொறித்த எழுத்து. பாத்திரக்கடையில் குடத்துக்கும் அண்டாவுக்கும் பெயர் போட்டுத் தருகிற ஆள் வருஷத்துக்கொரு தரம் அந்த ர்ர்ர் என்று அதிரும் கருவியோடு கல்லூரிக்கே வந்துவிடுவார். அன்று முழுக்க அறையில் பல் ஆஸ்பத்திரிச் சத்தம்தான். கல்லூரிப் பணத்தில் வாங்கிய சாமான்களில் இவர் பெயர் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

என்னோடு முழுநேரமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள் கோமதி. அரூர்ப் பெண், வாய்த்துடுக்கு. நான் சேர்ந்த புதிதில் காதருகே வந்து எச்சரித்தாள்.

"அக்கா, ஒரே எடத்துல ரொம்ப நேரம் நிக்காதீங்க. உங்க முதுகுலயும் பேரு எழுதிருவாரு."

இதற்கு அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். நல்ல மனநிலையில் இருக்கும்போது, டீ வந்ததும் ஆரம்பிப்பார். சின்ன வயதில் விடுதியில் தங்கிப் படித்தாராம். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இவருடைய சாப்பாட்டுத் தட்டை எவனோ எடுத்துக்கொண்டான். யார் தட்டு என்று சொல்ல அதில் ஓர் அடையாளமும் இல்லை. அந்த வருஷம் முழுக்கப் பழைய நோட்டு அட்டையிலும் வாழை இலைக் கிழிசலிலும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். குழம்பு ஒழுகிச் சட்டையெல்லாம் கறையாகும், பையன்கள் சிரிப்பார்கள். மறுவருஷம் அவர் அம்மா கூலிப் பணத்தில் ஒரு தட்டு வாங்கி, பெயர் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

"அன்னிக்குத் தெரிஞ்சிக்கிட்டேன். பேரு யாருதோ, பொருளு அவங்களுது. அவ்ளோதான் ஒலகம்" என்று முடிப்பார்.

முதல்முறை கேட்டபோது என் டீ ஆறிப்போனது உண்மை. தட்டை இழந்த அந்தப் பையனுக்காக இன்றும் வருத்தப்படுகிறேன். அவன் வளர்ந்து அடுத்தவர் தட்டை எடுப்பான் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் சொல்கிறவளாவேன். அவருக்குக் கை நன்றாக வரும். சவர பிளேடை விரலிடுக்கில் பிடித்து, உருளைக்கிழங்குத் துண்டுக்கு நடுவே இலையைச் செருகிச் சரக்சரக்கென்று சீவுவார். தண்ணீரில் மிதக்கும் அந்தச் சீவல்களில் ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். இயந்திரம் அறுத்தாலும் அவ்வளவு மெல்லிசாக வராது. அந்த விரல்களை மட்டும் என்னால் இன்றுவரை திட்ட முடியவில்லை.

எங்கள் ஆராய்ச்சி ஆந்தோசெராஸ் இனத்துச் செடிகளைப் பற்றியது. நான் என் பிள்ளைகளுக்குக் கொம்புப் பாசி என்று சொல்லித் தருவேன். ஈரமண்ணில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தட்டையாக ஒட்டிக் கிடக்கும். பூ கிடையாது, விதை கிடையாது, முறையான வேரும் கிடையாது. மழைக்காலத்தில் அதன் முதுகிலிருந்து பச்சை ஊசிகளாகக் கொம்பு முளைக்கும். கொம்பு பழுத்தால் நுனியிலிருந்து இரண்டாகப் பிளந்து வித்துத் தூளை உதிர்க்கும். வழியில் போகிறவர்கள் மிதித்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் அதற்கு இருக்கிற வம்சப் பெருமை நம்மில் யாருக்கும் இல்லை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் செடி என்றாலே தண்ணீருக்குள்தான். அங்கிருந்து ஏதோ ஒன்று கரையேறி, வெயிலில் காயாமல் பிழைத்துக்கொண்டது. அதன் வழியில் வெகு ஆரம்பத்திலேயே பிரிந்துபோன பங்காளிகளில் ஒன்று இந்தக் கொம்புப் பாசி. பிறந்த குழந்தைக்கு யார் ஜாடை, மூக்கு யாருடையது என்று பார்க்கிறோம் அல்லவா? செடியின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ஜீன்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, அதே ஜாடையைத்தான் நாங்கள் பார்த்தோம். கரையேறிய அந்த முதல் செடி வெயிலை எப்படித் தாங்கியது? இதுதான் கேள்வி.

எங்கள் செடி வத்தல்மலையில் எனக்குக் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி முடித்து, காப்பித் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன ஊர். அங்கே குழாயடிக்குப் பின்னால் வழிந்த தண்ணீர் மண்சரிவில் ஊறிக்கொண்டே இருந்தது. கை கழுவக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாதாரணமாக இந்தச் செடி நிழல் தேடும். இது மதிய வெயில் நேராக அடிக்கிற சரிவில் கருகாமல் கிடந்தது. குடம் பிடிக்க வந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னாங்க, கம்மல் எதும் வுழுந்துருச்சா?"

"இல்லீங்க. பாசி பாக்கறேன்."

"பாசியவா? அத்தப் பாக்கறதுக்கா மலயேறி வந்தீங்க?" என்று சிரித்தவள், குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தானும் குனிந்து பார்த்தாள்.

அந்தச் செடியை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிரசவத்துக்குக் கர்ப்பிணிப் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவதுபோல், செடி வைத்த டப்பாவை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். என் தீசிஸ், என் பட்டம் எல்லாம் அந்த டப்பாவுக்குள் இருப்பதாக நினைத்தேன். கைடு டப்பாவை வாங்கியதும் முதலில் மேஜை இழுப்பறையிலிருந்து மார்க்கரை எடுத்து மூடியில் தன் பெயரை எழுதினார். அதற்குப் பிறகுதான் திறந்தார். நான் அன்றே புரிந்துகொண்டிருக்கலாம்.

சீவல் எடுத்து அவரே காட்டினார். செடியின் உடம்புக்குள் அங்கங்கே சின்னச் சின்னப் பொந்துகள். பொந்துக்குள் கருநீலத்தில் மணிமணியாகக் கோத்த இழைகள். அது நாஸ்டாக், நீலப்பச்சைப் பாசி. செடியோடு சேர்ந்தது அல்ல, வெளியே மண்ணிலிருந்து உள்ளே நுழைந்து தங்கிக்கொள்வது.

"பாத்தியா, வாடகைக்குக் குடியிருக்கறான். வாடகையா செடிக்கு நைட்ரஜன் குடுப்பான்" என்று சிரித்தார். எல்லா பி.எஸ்சி. வகுப்பிலும் அவர் சொல்கிற வழக்கமான வசனம். பாடப்புத்தகத்திலேயே இருப்பதுதான். ஆனாலும் அழகாகச் சொல்வார்.

செடியை அரைத்து, டி.என்.ஏ. எடுத்து, பெங்களூருக்கு அனுப்பினோம். வந்த எழுத்துக் குவியலைப் பல சனிக்கிழமைகள் உட்கார்ந்து பிரித்தேன். அதில் ஒரு ஜீன் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. வெயிலின் கடுமையைத் தடுக்கிற ஒரு நிறமியைச் செய்யும் ஜீன் அது. நிலச்செடி எதிலும் அதைப் பார்த்ததாகப் பதிவே இல்லை. கைடுக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறிவிட்டது.

"இதாம்மா! இத்த வெச்சித்தான் மொதச் செடி கரையேறுச்சு!"

எனக்கும் ஒரு நாள் தலைகால் புரியவில்லை. மறுநாள் அந்த ஜீனின் ஜாடை எதனோடு ஒத்துப்போகிறது என்று தேடினேன். வரிசையாக நீலப்பச்சைப் பாசிகளின் பெயர்கள் வந்தன. அடுத்த சனிக்கிழமை அவர் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"சார், இது வாடகைக்காரனோட ஜீனுங்களா இருக்குமோன்னு சந்தேகமா இருக்குதுங்க."

"அவங்கிட்டருந்து செடிக்குள்ள வந்து சேந்துருக்குது. அதாம்மா கண்டுபிடிப்பே."

"உள்ள வந்து சேந்துச்சா, இல்ல அவனே உள்ள உக்காந்துருக்கறானா? நாம செடிய அவனோட சேத்துத்தான அரைச்சோம்?"

"மூணு தண்ணி கழுவினியா இல்லியா?"

"கழுவினேன் சார். ஆனா அவன் வெளிய ஒட்டிக்கிட்டு இல்லியே. வூட்டுக்குள்ள இல்ல இருக்கறான்?"

வழியும் சொன்னேன். வித்துத் தூளைக் கிருமி போகக் கழுவி, மண்ணே படாமல் பாட்டிலுக்குள் முளைக்க வைக்க வேண்டும். நாஸ்டாக் மண்ணிலிருந்து வருவது என்பதால் அப்படி வளரும் செடிக்குள் அது இருக்காது. அந்தச் செடியிலும் ஜீன் இருந்தால் செடியுடையது, இல்லாவிட்டால் குடியிருப்பவனுடையது. சில மாதம் பிடிக்கும், அவ்வளவுதான்.

"சில மாசமா? அதுக்குள்ள வேற எவனாச்சும் அவம் பேரப் போட்டுக்குவான்" என்றார். பிறகு குரலை இறக்கி, "நீ டீச்சரு. நோட்ஸ் குடுக்கறதோட நிறுத்திக்க" என்றார்.

விஷயம் தெரியாமல் செய்த தவறு என்றால் மன்னித்திருப்பேன். குடியிருப்பவனை எனக்குக் காட்டியதே அவர் விரல்கள்தான். வகுப்பு வகுப்பாக அதைச் சொன்ன வாய்தான் மூணு தண்ணி கழுவினாயா என்று கேட்டது. அவசரம். யார் முதலில் பெயர் எழுதுவது என்ற அந்தத் தட்டுக்காலத்து அவசரம்.

மழைக்காலம் ஒன்று போயிற்று. பள்ளி ஆசிரியர் அறையில் இருந்தபோது கோமதியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, பேப்பரு வந்துருச்சு. பாத்தீங்களா?"

"எந்தப் பேப்பரு?"

"நீங்களே பாத்துக்குங்க" என்று லிங்க் அனுப்பினாள்.

போனில் திறந்தேன். எங்கள் செடியின் ஜீனைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை. தலைப்புக்குக் கீழே அவர் பெயர். பக்கத்தில் அவருடைய மருமகளின் பெயர். அந்தப் பெண் சென்னையில் இருக்கிறாள், வெளிநாட்டில் மேற்படிப்புக்கு முயன்றுகொண்டிருந்தாள். அவள் வத்தல்மலைக்கு வந்ததே கிடையாது. என் பெயர் இல்லை. சரி, உள்ளே இருக்கும் என்று தேடினேன். செய்முறைப் பகுதியில் இல்லை. நான் என் போனில் எடுத்த அந்தச் சரிவின் புகைப்படம் கட்டுரையில் இருந்தது, அதன் கீழும் இல்லை. கடைசியாக நன்றியுரைக்கு வந்தேன். கல்லூரி நிர்வாகத்துக்கு நன்றி, பெங்களூர் நிறுவனத்துக்கு நன்றி. அதன் பிறகு, செடி சேகரிக்க உதவிய உள்ளூர் மக்களுக்கு நன்றி. நான் அந்த உள்ளூர் மக்களில் ஒருத்தி போலிருக்கிறது.

அடுத்த பீரியட் பிளஸ் டூவுக்கு. என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. முடிந்ததும் மைதானத்தில் போய் நின்று அவருக்குப் போன் செய்தேன். அவர் குரலில் ஒரு பிசிறும் இல்லை.

"ஏம்மா, நீதான சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்த? சந்தேகப்படற பேப்பர்ல பேரு எதுக்கு? உன் தீசிஸ் வருமில்ல, அதுல உன் பேரு மட்டுந்தான் இருக்கப்போவுது. பேராச எதுக்கு?"

தீசிஸுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர் என்பதை அதிலேயே ஞாபகப்படுத்திவிட்டு வைத்தார். வருஷக்கணக்கில் அந்த மனிதர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏம்மா, இந்தாம்மா, டீச்சரு. நாற்காலிக்குக்கூடப் பெயர் கொடுத்தவர்.

கல்லூரி வாசலில் ஃபிளக்ஸ் வைத்தார்கள். கோட்டு போட்ட அவர் படம், பின்னால் உலக உருண்டை, நிலத்தின் முதல் செடியின் ரகசியம் கண்டவர் என்று. சனிக்கிழமை பஸ் அதைத் தாண்டித்தான் போகும். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் பார்த்தேன். வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இருக்கலாம், எனக்கு வேண்டாம்.

நாங்கள் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். மன்னித்துவிடு மகளே என்றார். மன்னிப்பது சாமியாருக்கு வேலை. எனக்கு வேலை பாட்டில் கழுவுவது என்று முடிவு செய்தேன்.

வத்தல்மலைச் செடியின் பழுத்த கொம்புகள் காகிதப் பொட்டலத்தில் என்னிடம் இருந்தன. காலி ஜாம் பாட்டில்களைச் சேர்த்தேன். மண்ணுக்குப் பதில் அகர் என்கிற கடற்பாசிப் பாகைக் காய்ச்சி ஊற்றி, குக்கரில் வைத்து விசில் விட்டேன். வித்துத் தூளைப் பிளீச்சிங் தண்ணீரில் அலசி, அடுப்படியில் காற்று அடிக்காமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே விட்டேன். முதல் தடவை எல்லா பாட்டிலிலும் பூஞ்சை பிடித்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. என் வீட்டுக்காரர் மரவள்ளி விவசாயம் பார்ப்பவர், எதற்கும் மூக்கைச் சுளிக்காதவர். அவரே அடுப்படி வாசலில் நின்று கேட்டார்.

"ஏ மேரி, இது என்னா நாத்தம்? இத்த வெச்சி என்னா பண்ணப்போற?"

"ஒருத்தருக்கு வெக்கறதுக்குங்க."

"பில்லி சூனியமா?" என்றார். சிரிக்காமல்தான் கேட்டார்.

மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. அகர் மேல் பச்சைப் பொட்டுகள் விரிந்தன. அவசரப்படவில்லை. கைடுக்குப் போன் செய்து, சார் இன்னொருமுறை பார்த்துவிடலாம், கட்டுரையை நீங்களே சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒருமுறை சொன்னேன், டீச்சரு என்றார். இரண்டாம் முறை சொல்ல எனக்கு மனசில்லை. வளரட்டும் என்று விட்டேன். பாட்டிலில் பாசி வளர்ந்தது, ஊரில் அவர் பேச்சு வளர்ந்தது. எவ்வளவு உயரம் ஏறுகிறாரோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன்.

வளர்ந்த செடியைப் பள்ளி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சீவல் அவருடையதைப்போல வரவில்லை, தடிமன். ஆனாலும் பொந்துகள் தெரிந்தன. உள்ளே கருநீல மணிகள் இல்லை. வீடு காலி.

என்னோடு எம்.எஸ்சி. படித்தவள் ஒருத்தி சேலத்தில் ஒரு கல்லூரியில் இருக்கிறாள். அவள் ஆய்வகத்தில் மலைச்செடியின் டி.என்.ஏ.வையும் பாட்டில் செடியினுடையதையும் ஜெல்லில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தோம், தேடுகிற ஜீன் இருந்தால் வெள்ளைக் கோடு விழும். செடிக்கே உரிய வேறொரு ஜீனைத் தேடியபோது இரண்டிலும் வெள்ளைக் கோடு பளிச்சென்று வந்தது. வெயில் தாங்கும் ஜீனைத் தேடியபோது மலைச்செடிக்கு மட்டும் கோடு. பாட்டில் செடியின் இடம் வெறும் கருப்பு. அந்தக் கருப்பைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் விஞ்ஞான சந்தோஷம் என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆள் கையில் சிக்கிய சந்தோஷம் அது. திரும்பி வரும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன், பக்கத்துச் சீட்டு அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் எழுதி, என் பெயரையும் தோழியின் பெயரையும் போட்டு, அவர் கட்டுரை வந்த பத்திரிகைக்கே அனுப்பினேன். அவர்கள் அதை அவருக்கு அனுப்பிப் பதில் கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் வந்திருந்தோம். வாசலில் கார் நின்றது. அவர்தான். கையில் பெரிய ஸ்வீட் பெட்டி. படியிலேயே நின்று அழைத்தார்.

"சகாயமேரி."

அடுப்படியில் இருந்தவள் உடனே வெளியே வரவில்லை, ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். முழுப் பெயர். ஒரு எழுத்து பிசகாமல். அப்படியென்றால் இத்தனை வருஷமும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

உள்ளே வந்து உட்கார்ந்தார். முகம் சுருங்கியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு இந்தக் கதையெல்லாம் தெரிந்தாலும், வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் இருக்க அவரால் முடியாது. அவரே போய்க் கலந்து எடுத்துவந்தார். எடுத்துவந்த டம்ளரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

நாங்கள் புது வீடு கட்டி, சாமியாரை வைத்து மந்திரித்துக் குடிபுகுந்தபோது கைடு அரை டஜன் எவர்சில்வர் டம்ளர் கொடுத்திருந்தார். அன்பளிப்பு என்று ஆரம்பித்து, பேராசிரியர், டாக்டர், பெயர், பெற்ற பட்டங்கள் எல்லாம் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பொறித்திருக்கும். என் மகள் அதில் பால் குடித்துக் குடித்தே எழுத்துக் கூட்டப் பழகினாள். அதில் ஒன்றில்தான் காப்பி வந்திருந்தது. அவர் டம்ளரை வாங்கினார். பெயரைப் பார்த்தார். கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே பேசினார்.

"சகாயமேரி, நான் உன்னய மறக்கல. பேரு வுட்டுப்போச்சு, அது என் தப்புதான். இப்ப சரி பண்ணிரலாம். பத்திரிகைக்குத் திருத்தம் எழுதறேன். உன் பேர மொதப் பேரா போட்டுடறேன்."

"மொதப் பேராவா சார்?"

"ஆமா. செடி எடுத்தது நீதான, கழுவினது நீதான. சாம்பிள் எடுக்கறதுல சின்னத் தவறு நடந்துபோச்சுன்னு ரெண்டு வரி சேத்துருவோம். உன் கடுதாசிய நீ வாபஸ் வாங்கிக்க. அடுத்த வாரமே தீசிஸ்ல கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இந்த வருஷமே டாக்டர் சகாயமேரி."

எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, அவர் நீட்டுவது என்ன என்று முழுசாகப் பிடிபட. பழம் இருந்தபோது என்னை விட்டுவிட்டார். இப்போது புழு வைத்துவிட்டது, அதனால் எனக்குப் பங்கு. அதுவும் முதல் பங்கு.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கையெழுத்து என்ற ஒரே வார்த்தைதான் இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனை சனிக்கிழமைகள் பிள்ளைக்குச் சோறு ஊட்டி, தலை பின்னிவிட்டு, என்னை பஸ் ஏற்றி அனுப்பியவர். அந்தப் பட்டம் அவருக்கும் வேண்டும். எனக்கும் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"காப்பி குடிங்க சார், ஆறிடப்போவுது" என்றேன்.

குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அலமாரியிலிருந்து மற்ற ஐந்தையும் எடுத்தேன். ஆறையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து அவர் பக்கத்தில், ஸ்வீட் பெட்டி மேலேயே வைத்தேன்.

"என்னாம்மா இது?"

"உங்க பேரு போட்டதுங்க சார், எடுத்துட்டுப் போங்க. பேரு யாருதோ, பொருளு அவங்களுதுன்னு நீங்கதான சொல்லுவீங்க? அந்தப் பேப்பர்லயும் என் பேரு எங்கயும் கெடையாது. நல்லாத் தேடிப் பாத்துட்டேன். அது மொத்தமும் உங்களுதுதான். நீங்களே வெச்சிக்குங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. விடுதியில் தட்டு காணாமல்போன அன்று அப்படித்தான் நின்றிருப்பார் போல. எனக்கு இரக்கம் வந்துவிடுமோ என்று பயந்து, வாசல் கதவை நானே அகலத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவர் பையையும் பெட்டியையும் தூக்கியபோது டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன.

கார் போனதும் வீட்டுக்காரர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கையெழுத்த வாங்கிட்டு அப்பறமா நாலு கேட்டுருக்கலாம்ல?" என்றார்.

"கேட்டுருக்கலாங்க."

"ஸ்வீட்டையும் சேத்துக் குடுத்துட்டியே" என்றார். அதற்குத்தான் இருவரும் சிரித்தோம்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. அவர் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இணையத்தில் இப்போதும் இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே சிவப்பு எழுத்து விழுந்து. நாங்கள் எழுதியதும் வந்தது. கொம்புப் பாசியில் அப்படியொரு ஜீன் இருப்பதாக முன்பு சொன்னது தவறு, அது உள்ளே குடியிருந்த நாஸ்டாக்கினுடையது என்று எழுதிய இடத்தில், முன்பு சொன்னவர் யார் என்று குறிப்பிட்டாக வேண்டும், அது முறை. அங்கே அவர் பெயரை இனிஷியலோடு, எழுத்துப் பிழையில்லாமல் போட்டிருக்கிறேன். இனி இந்தச் செடியைப் பற்றி எவர் படித்தாலும் அந்த வரியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஃபிளக்ஸ் எந்த மழையிலோ கிழிந்துபோயிற்று. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். என் தீசிஸில் கையெழுத்து விழவே இல்லை. பள்ளி அறிவிப்புப் பலகையில் இன்றும் சகாயமேரி, எம்.எஸ்சி., பி.எட். மட்டும்தான். சேலத்துத் தோழி புதிதாகப் பதிவு செய், நான் கைடாக இருக்கிறேன் என்கிறாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன். வத்தல்மலைக் குழாயடிக்கு மழைக்காலத்தில் இன்னும் போகிறேன். முதல் செடி வெயிலை எப்படித் தாங்கியது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

இதை எழுதிக்கொண்டிருப்பது கோமதிக்குத் தெரியும். வெளிவந்ததும் அவருக்கு அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். படிப்பார். தன்னைப் பற்றித்தான் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அன்று ஆசிரியர் அறையில் நான் தேடியதுபோல, தலைப்பிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரியாக, கடைசிவரை தேடுவார்.